பதினொன்றாம் வகுப்பை இனி யார் கேட்பது? பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறைச் செயலர், பள்ளிக் கல்வி இயக்குநர், தனியார் பள்ளிகள் இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்குநர்

ஐயா, அம்மையீர்,

2025 ஆகஸ்ட் 8 அன்று சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினொன்றாம் வகுப்புக்கு இனி பொதுத்தேர்வு கிடையாது, அந்தக் கல்வியாண்டிலிருந்தே நடைமுறை என்றார்கள். பள்ளி திறந்து இரண்டு மாதம் ஓடிய பிறகு வந்த அறிவிப்பு அது. அந்தத் தேர்வு 2018 மார்ச்சிலிருந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிப்போகப் பள்ளிகளை விடாமல் பிடித்து வைத்திருந்தது. தேர்வை எடுத்துவிட்டீர்கள். அந்த வேலையை இனி யார் பார்ப்பார்கள் என்பதைத்தான் எங்களுக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலைக் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டு வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று எல்லாவற்றிலிருந்தும் வருவார்கள். டியூஷன் இல்லை, கட்டணமும் இல்லை. அதனால் அவர்கள் நோட்டைப் பார்க்க எனக்கு யார் அனுமதியும் தேவைப்படுவதில்லை.

அப்படிப் பார்த்த ஒரு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்த பெண்ணுடையது. ஜூனில் கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று முறையாகத்தான் தொடங்கியிருக்கிறது. பிறகு அடிப்படை இயற்கணிதம், அதன் பின் முக்கோணவியல். முக்கோணவியலில் ஒரு நிரூபணம் மூன்றாவது வரியோடு நிற்கிறது. கீழே அரைப்பக்கம் காலி. அடுத்த பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட தலைப்பு: 'அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்'. அது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம். தேதி, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. மூன்றுக்கு மூன்று அணி ஒன்றைக் கொடுத்தால் நேர்மாறு கண்டுபிடித்துவிடுகிறாள். அணிக்கோவை மதிப்பு பூஜ்யமானால் நேர்மாறு ஏன் இல்லை என்று கேட்டேன். "பூஜ்யம் வந்தா நேர்மாறு இல்லைன்னு எழுதிடணும் சார், அதுக்கு ஒரு மார்க்" என்றாள். சிற்றணிக்கோவை என்றால் என்னம்மா என்றேன். "அதெல்லாம் லெவன்த் புக்காம் சார். இனிமே நமக்கு அது வேணாம்னு சொல்லிட்டாங்க."

வேண்டாம் என்று சொன்னது யார்? அந்தப் பள்ளி சொன்னது. சொல்ல இடம் கொடுத்தது நீங்கள்.

பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தையும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருளடக்கத்தை மட்டும் யாராவது படித்துப் பாருங்கள். பதினொன்றில் அணிகளும் அணிக்கோவைகளும், பன்னிரண்டில் அவற்றின் பயன்பாடுகள். பதினொன்றில் வெக்டர் இயற்கணிதம், பன்னிரண்டில் அதன் பயன்பாடுகள். பதினொன்றில் எல்லை, தொடர்ச்சி, வகைமை, தொகை நுண்கணிதம். பன்னிரண்டில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வழிகாட்டி உருவான பாடத்திட்டம் இது. 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்கும் வந்தது. இரண்டு ஆண்டையும் ஒரே பாடமாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். முதல் பாதியைப் படிக்காத பிள்ளைக்கு இரண்டாம் பாதியில் மனப்பாடம் ஒன்றுதான் வழி. அதையும் நம் பிள்ளைகள் அசாத்தியமாகச் செய்வார்கள், நூற்றுக்கு நூறும் வாங்குவார்கள். பிறகு பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்தில் 'எம் ஒன்' என்கிற முதல் கணிதத் தாளில் அரியர் வைத்துவிட்டு நமக்கு போன் செய்வார்கள்.

கணிதத்தோடு நிற்கிற சங்கதியா என்றால் அதுவும் இல்லை. இயற்பியலில் இயக்க விதிகள், வேலை, ஆற்றல், ஈர்ப்பியல், வெப்பம், அலைகள் எல்லாமே பதினொன்றில்தான். வேதியியலில் மோல் கணக்கு பதினொன்று. விலங்கியலில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு என்று மனித உடலியங்கியல் மொத்தமும் பதினொன்று. வணிகவியல் பிரிவில் இன்னும் மோசம். இரட்டைப் பதிவு முறை, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் முழுமைபெறா பதிவேடுகள், கூட்டாண்மைக் கணக்குகள் என்று போகும். பேரேடு போடத் தெரியாத பிள்ளை கூட்டாண்மைக் கணக்கு போடுவது எப்படி? ஒரு கடையில் கணக்கெழுதப் போனால்கூட முதலில் கேட்பது பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 2006-ல் பொறியியல் நுழைவுத்தேர்வை ஒழிக்க முடிவெடுத்தோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்லது செய்த முடிவு அது, அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கட் ஆஃப் முழுக்க பிளஸ் டூ மதிப்பெண் என்றான பிறகு, பதினொன்றாம் வகுப்பு யாருக்கும் வேண்டாத வகுப்பாகிவிட்டது. பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் நடத்தி, கேள்விக்குக் கேள்வி உருப்போட வைத்து, 1200-க்கு 1190 வாங்க வைக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள் பெருகின. பிராய்லர் பள்ளி என்று ஊரே பேர் வைத்தது. நாமக்கல் வட்டாரம் அதற்கே பேர்போனது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பேருந்து ஏறிப்போன பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

2017-ல் இந்தத் துறைதான் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தது. நீட் வந்து நம் பிள்ளைகள் திணறிய ஆண்டு அது. நீட்டில் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள். பதினொன்றைத் தொடாமலே பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிப் பழகிய பள்ளிகளுக்கு அது பெரிய அடி. அதைச் சரிசெய்யத்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, பாடத்துக்கு 200 மதிப்பெண்ணை 100 ஆக்கி, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 1200 என்று அறிவித்தீர்கள். தர வரிசைப் பட்டியலை நிறுத்தியதும் அதே ஆண்டுதான். நல்ல முடிவுகள். 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் 600 மட்டும் போதும் என்று மாற்றினீர்கள். தேர்வுக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது. மீதிப் பாதி 2025-ல்.

அந்தப் பாதி உயிரிலேயே எவ்வளவு நடந்தது என்பதை வகுப்பில் நின்று பார்த்தவன் நான். அதுவரை எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பாடவேளை என்றால் யாருக்கும் அவ்வளவு அக்கறை கிடையாது. ஒரு ஆசிரியர் விடுப்பு என்றால் பிளஸ் டூவுக்கு மாற்று ஏற்பாடு செய்வோம். பிளஸ் ஒன் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள். பிளஸ் ஒன் செய்முறை நோட்டு என்பது பெரும்பாலும் போன வருட அண்ணனுடைய நோட்டின் நகல். பொதுத்தேர்வு வந்ததும் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளர் வர ஆரம்பித்தார். அவர் வருவார் என்பதற்காகவே சோனோமீட்டரைத் தூசி தட்டிக் கம்பி மாற்றினார்கள். ஊசலை ஆட்டி, நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்து, ஈர்ப்பு முடுக்கம் கணக்கிட்ட பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தேன். 9.8 என்று புத்தகத்தில் படித்ததற்கும், தான் ஆட்டிய ஊசலில் 9.6 வந்து ஏன் என்று யோசித்ததற்கும் நடுவில்தான் அறிவியல் கல்வி இருக்கிறது.

இப்போது அரசுப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று கேட்டால், கெட்ட எண்ணம் யாருக்குமே இல்லாமல் பழையபடி நடக்கும். ஒரு பள்ளியில் இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் ஒருவர்தான். பிளஸ் ஒன்னும் அவரே, பிளஸ் டூவும் அவரே. அவருக்குப் பயிற்சி, விடைத்தாள் திருத்தம், தேர்தல் வேலை, இடமாறுதல், எது வந்தாலும் குறைவது பிளஸ் ஒன் பாடவேளை. முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரை எழுப்பிக் கேட்பது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைத்தான். நிற்க வைத்துக் கேட்கிற கேள்விக்குத்தான் அவர் பதில் தயாரிப்பார். அதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிளஸ் ஒன்னைப் பற்றி எவரும் கேட்காதபோது, காலை சிறப்பு வகுப்பு, மாலை சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் பிளஸ் டூவுக்கே போகும்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு எழுதுவது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பாரம்தான். 2025-ல் ஏறத்தாழ 8 லட்சம் பேர் பிளஸ் ஒன் எழுதினார்கள். தேர்ச்சி 92 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதி எட்டு சதவீதம் என்பது அறுபதாயிரம் பேருக்குக் குறையாது. அரியரோடு பிளஸ் டூவுக்கு வந்து, இரண்டையும் சேர்த்து எழுத முடியாமல் பாதியில் நின்றுபோனவர்களை எனக்கே தெரியும். ஒருவன் இப்போது எங்கள் ஊர் டயர் கடையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இயற்பியலில் மட்டும்தான் போனது. அந்தப் பயத்தைப் போக்க நினைத்தது நியாயம். அதற்குத் தேர்ச்சி, தோல்வி என்பதை எடுத்திருக்கலாம். தேர்வோடு சேர்ந்து பாடமே போவதற்கு வழிவிட்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று, பாரம் எங்கேயும் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. பதினொன்றைப் படிக்காமல் வந்த வசதியான வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் 'ரிப்பீட்டர்' வகுப்பில் லட்சக்கணக்கில் கட்டிப் பதினொன்றாம் வகுப்பைப் படித்துக்கொள்ளும். நீட், ஜேஇஇ பயிற்சி மையங்கள் விற்பதில் பாதிச் சரக்கு பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது ஓசியில் கிடைக்கிற ஒரே இடம் அந்த வகுப்பறை. அவர்களுக்கென்று மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-லும் கொண்டுவந்தோம். அந்த இடத்தைப் பிடித்து உள்ளே போன பிள்ளை முதல் வருடத்தைத் தாண்ட வேண்டாமா? நீட் வேண்டாம் என்று இந்த மாநிலம் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. நீட் நாளைக்கே போனாலும் உடலியங்கியல் தெரியாமல் மருத்துவம் படிக்க முடியாது.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே தொடங்குகிறோம் என்று பள்ளி சொன்னால், 'நல்லதுதானே' என்கிறார்கள். சில பள்ளிகள் அதைப் பெருமையாகவே சொல்லிச் சேர்க்கை நடத்துகின்றன. ஆக, பெற்றோர் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுப்போம் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது. புகார் வராது. பிள்ளை கல்லூரிக்குப் போய்த் தடுமாறும்போதுதான் தெரியும், அப்போது புகார் கொடுக்க இடம் இருக்காது.

சிபிஎஸ்இ-யில் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லையே என்பார்கள். உண்மை. அங்கேயும் பதினொன்றில் பெயருக்குச் சேர்ந்துவிட்டுப் பயிற்சி மையத்தில் உட்காரும் 'டம்மி' பள்ளிகள் பெருகி, சிபிஎஸ்இ திடீர் ஆய்வு நடத்த வேண்டி வந்ததும் உண்மைதான். பக்கத்துக் கேரளத்தில் முதலாண்டுத் தேர்வையும் இரண்டாமாண்டுத் தேர்வையும் சேர்த்துத்தான் மேல்நிலைச் சான்றிதழ் தருகிறார்கள். அங்கே பதினொன்றாம் வகுப்பை யாரும் தாண்டிக் குதிப்பதில்லை. குதித்தால் மதிப்பெண் போய்விடும், அவ்வளவுதான் காரணம்.

பொதுத்தேர்வைப் பழையபடியே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது இவற்றைத்தான்.

பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள் கொடுங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாவற்றுக்கும் அதே தாள், அதே நாள். முழுப் பாடத்திலிருந்தும் வினா இருக்க வேண்டும். விடைத்தாளை அந்தப் பள்ளி ஆசிரியர் திருத்தக் கூடாது; பக்கத்துப் பள்ளிக்கு மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். தேர்வு மைய ஏற்பாடு, நாளிதழில் முடிவு, முதலிடம் என்கிற ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாம். தேர்ச்சி பெறாத பிள்ளையைத் தேக்கி வைக்கவும் வேண்டாம். ஜூனில் ஒரு மறுவாய்ப்பு, அதற்கு முன் பள்ளியிலேயே ஒரு மாதம் குறைதீர் வகுப்பு. அதிலும் குறைந்தால் அந்த மதிப்பெண்ணோடு பிளஸ் டூ போகட்டும்.

அந்த மதிப்பெண்ணை பிளஸ் டூ சான்றிதழில் தனி வரியாக அச்சிடுங்கள். தொழிற்கல்விச் சேர்க்கையில் அதற்கு ஒரு சிறு பங்கு கொடுக்கலாமா என்பதை உயர்கல்வித் துறையோடு பேசி முடிவு செய்யுங்கள். கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதற்காகச் சான்றிதழ் வரி காத்திருக்க வேண்டியதில்லை.

பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளரை மறுபடியும் அனுப்பிவையுங்கள். பொதுத்தேர்வு இல்லாமலே இதைச் செய்ய முடியும். பெரிய செலவும் கிடையாது.

தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர்களை வைத்திருக்கிறீர்கள். அவர்கள் அக்டோபர், நவம்பரில் பதினொன்றாம் வகுப்புக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் போகட்டும். பதிவேட்டையும் பாடவேளை அட்டவணையையும் பார்க்க வேண்டாம். அவை எப்போதும் சரியாகவே இருக்கும். கடைசி வரிசையில் இருக்கிற பிள்ளையின் கணித நோட்டை வாங்கிப் புரட்டினால் போதும். பிளஸ் டூ பாடம் நடந்திருந்தால் முதல் முறை எழுத்து மூலம் எச்சரிக்கை, அடுத்த முறை அங்கீகாரப் புதுப்பித்தலில் கை வையுங்கள். எந்தப் பள்ளி, என்ன நடவடிக்கை என்பதை உங்கள் இணையதளத்தில் போடுங்கள். பள்ளி சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்கட்டும்.

அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டுக்கும் ஒரே முதுகலை ஆசிரியர் இருக்கும் பாடங்களை எண்ணி, பள்ளிவாரியாக வெளியிடுங்கள். காலிப் பணியிடத்தை நிரப்பும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை ஜூன் மாதத்திலேயே அமர்த்த அனுமதியும் பணமும் கொடுங்கள். டிசம்பரில் வந்து சேரும் ஆசிரியரால் பிளஸ் ஒன்னுக்கு ஒரு பயனும் இல்லை. ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் கேட்கும் கேள்விகளில் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம் வரை முடிந்தது என்பதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. 2025 ஜூனில் பிளஸ் ஒன்னில் சேர்ந்து, நடுவில் புத்தகம் மாற்றப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். நடத்தியது எது, விட்டுப்போனது எது என்று பார்த்து, கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்குப்பதிவியல் ஐந்துக்கும் இணைப்புப் பாடம் தயாரித்துக் கொடுங்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குக் கல்லூரிகளின் முதல் பருவத்திலேயே அதை நடத்த உயர்கல்வித் துறையைக் கேளுங்கள். இந்த மடலில் உள்ள கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்கும் முன் சுற்றறிக்கையாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலைக் கணித ஆசிரியர் ஒருவர்